நிஜம் எத்தனை துண்டு?

கடற்கரை மணலில் ஒரு பெண்ணின் கால் பதிகிறது. அடுத்தடுத்த அடிகள் மண்ணிலும் புல்லிலும் நடைபாதைக் கல்லிலும் விழுகின்றன. கடைசி அடி ஒரு வீட்டுக்குள் விரித்திருக்கும் கம்பளத்தில். அவள் கையில் கத்தி இருக்கிறது. நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு பெண்ணை நோக்கி வருகிறாள், தூங்குபவளும் அவளேதான். 1943இல் மாயா டெரன் தன் கணவர் அலெக்சாண்டர் ஹமித்துடன் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ படத்தில் வரும் காட்சி இது. படம் சுமார் 14 நிமிடம் ஓடும். 16 மி.மீ. சுருள், பழைய போலக்ஸ் கேமரா, கறுப்பு வெள்ளை, வசனம் இல்லை. செலவு 275 டாலர் அளவில். இன்று நாம் கேட்கும் இசைகூட 1959இல் தெய்ஜி இட்டோ சேர்த்ததுதான். நடைக் காட்சி சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதைப் பார்க்கிறவர் மனத்தில் ஒரே சமயத்தில் இரண்டு தீர்ப்புகள் எழுகின்றன. இடம் பொய் என்பது உடனே தெரிகிறது. கடற்கரையிலிருந்து வரவேற்பறைக்குச் சில அடிகளில் யாரும் வந்துவிட முடியாது. நடை பொய் என்று மட்டும் தோன்றுவதே இல்லை. வெவ்வேறு இடங்களில் எடுத்து ஒட்டிய துண்டுகளை மனம் ஓர் ஆளின் ஒரே நடையாக எடுத்துக்கொள்கிறது.

நிஜம் என்ற உணர்வு பிரிக்க முடியாத ஒற்றைப் பொருளாக இருந்திருந்தால் இது சாத்தியமில்லை. இடம் உடைந்த அந்தக் கணத்திலேயே நடையும் உடைந்திருக்கும். என் வாதம் இதிலிருந்தே கிளம்புகிறது. நிஜ உணர்வு என்பது தனித்தனியே நடக்கும் பல வேலைகளின் கூட்டு விளைவு. அவற்றில் ஒன்றை மட்டும் கெடுத்துவிட்டு மற்றவற்றை அப்படியே ஓடவிட முடியும். டெரன் 1943க்கும் 1946க்கும் இடையே முடித்த நான்கு குறும்படங்களிலும் இதைத்தான் விதவிதமாகச் செய்து பார்த்தார். பிற்காலத்தில் உளவியல் ஆய்வகங்களும் மனநோய் மருத்துவமும் கண்டறிந்த பிளவுகள் பெரும்பாலும் அவர் கைவைத்த இடங்களிலேயே இருக்கின்றன. இந்தப் படங்களைக் கனவு என்றோ பித்தின் சித்திரம் என்றோ சொல்லி முடித்துவிடுகிற வழக்கமான விமர்சனம், அவற்றில் உள்ள துல்லியமான வேலைப்பாட்டைத் தவறவிடுகிறது.

டெரன் 1917இல் கீவ் நகரில் பிறந்தவர். தந்தை மனநோய் மருத்துவர். குடும்பம் 1922இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் தங்கியது. 1939இல் ஸ்மித் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தார். கெஸ்டால்ட் உளவியலின் மூலவர்களில் ஒருவரான குர்ட் காஃப்கா அந்த ஆண்டுகளில் அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். உணர்வது என்பது புலன்கள் தரும் துணுக்குகளின் வெறும் கூட்டல் அல்ல, மனம் அவற்றை முழு வடிவங்களாக அமைத்துக்கொள்கிறது என்பதே அந்தப் பள்ளியின் அடிப்படை. மனநோயும் புலனுணர்வும் பேசுபொருளாக இருந்த சூழலில் வளர்ந்த ஒருவர் கேமராவைக் கையில் எடுத்தார் என்பதற்கு மேல் இந்த வரலாற்றிலிருந்து எதையும் இழுக்க நான் விரும்பவில்லை. தந்தை மருத்துவர் என்பதால் மகள் எடுத்தது மருத்துவப் படம் ஆகிவிடாது.

நடையிலிருந்தே தொடங்கலாம். கண் ஒரு நிலையான காட்சியை நமக்கு அனுப்புவதில்லை. விழித்திரையில் நுண்விவரம் தெரியும் பகுதி பார்வைப் புலத்தில் ஏறத்தாழ இரண்டு பாகை மட்டுமே. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அதனால் விழி நொடிக்கு மூன்று தடவை அளவில் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாவலின்போதும் பார்வை ஏறக்குறைய அணைக்கப்படுகிறது. இமைப்பு வேறு, நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது. ஆக, மூளைக்கு வந்துசேர்வது ஏற்கெனவே துண்டுதுண்டாக வெட்டிய படம்தான். அதைத் தொடர்ச்சியாக்குவது மூளையின் அன்றாட வேலை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர் தமாமி நகானோவும் குழுவினரும் ‘மிஸ்டர் பீன்’ நகைச்சுவைக் காட்சிகளை ஓட்டிப் பார்த்தபோது, பார்வையாளர்கள் ஒரே இடங்களில் ஒன்றுபோல இமைத்தார்கள். ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளில். தாங்கள் அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது. எதை ஒரு நிகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வது, அது எங்கே முடிகிறது என்பதை மனம் கேட்காமலே தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு முதல் ஆதாரம் செயல். இடம் அதற்குப் பிறகுதான். ஜோசப் மக்லியானோவும் ஜெஃப்ரி சாக்ஸும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், திரைப்படத்தில் இடமும் நேரமும் மாறுவதைவிடச் செயல் முறிவதுதான் ‘புதிய நிகழ்ச்சி’ என்ற உணர்வை வலுவாகத் தூண்டியது. அதற்கு மூன்றாண்டு முன்பு டிம் ஸ்மித்தும் ஜான் ஹென்டர்சனும் செய்த சோதனை இன்னும் வேடிக்கையானது. ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டு வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லியே படத்தைக் காட்டினார்கள். செயலின் நடுவே விழும் வெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கைப் பார்வையாளர்கள் கவனிக்கவே இல்லை.

டெரன் 1945இல் எடுத்த ‘எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா’ இந்த விதியைப் பிழிந்து எடுத்த படம். சில நிமிடங்களே ஓடும். நடனக் கலைஞர் டாலி பீட்டி காட்டில் காலைத் தூக்குகிறார்; அந்தக் கால் ஒரு வீட்டின் அறைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்துக்குப் போகிறார். கடைசியில் ஒரு தாவல். பல ஷாட்களை இணைத்து, எந்த மனித உடலும் காற்றில் நிற்க முடியாத அளவுக்கு அதை நீட்டியிருக்கிறார் டெரன். இதில் மாய வித்தை எதுவும் கிடையாது. இரட்டைப் பதிவோ வரைகலையோ இல்லை. செயலின் வளைவைக் காப்பாற்றினார், இடத்தைக் கைவிட்டார். அவ்வளவுதான். ஹாலிவுட் எடிட்டர்கள் இதே விதியைப் பயன்படுத்தித்தான் வெட்டை ஒளித்துவைத்தார்கள். டெரன் அதே விதியால் வெட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். வெட்டுகளைப் புரிந்துகொள்வது படம் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம், இதில் மூளையின் இயல்பைத் தேடுவது வீண் என்று ஒருவர் சொல்லக்கூடும். இதைச் சோதிக்க வேண்டுமானால் படமே பார்த்திராத பெரியவர்கள் வேண்டும். ஸ்டெஃபான் ஷ்வானும் செர்மின் இல்தராரும் துருக்கியின் மலைக் கிராமங்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். 2010இல் வெளிவந்த அவர்களது முடிவு இரு தரப்புக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறது. திரை மரபுகள் பலவற்றை முதல்முறைப் பார்வையாளர்களால் படிக்க முடியவில்லை. ஆனால் தங்களுக்குப் பழக்கமான ஒரு வேலை வரிசையாக நடந்தால், நடுவில் எத்தனை வெட்டு விழுந்தாலும் தொடர்ந்து புரிந்துகொண்டார்கள். ஆக, பழக்கத்தின் பங்கு மெய்தான். பழக்கம் இல்லாதவரிடமும் செயலின் தொடர்ச்சி துண்டுகளைப் பிணைத்தது என்பதும் மெய். டெரன் நம்பியது இந்த இரண்டாவதைத்தான். அதனால்தான் அவர் படங்களில் நடப்பது, ஏறுவது, தாவுவது, ஓடுவது போன்ற யாருக்கும் தெரிந்த அசைவுகளே முதுகெலும்பாக இருக்கின்றன.

செயலும் இடமும் பிரிகின்றன என்றால், ஆளும் அவர் முகமும் பிரியுமா? 1944இல் வந்த ‘அட் லேண்ட்’ இந்தக் கேள்வியைக் கேட்கிறது. அலைகள் பின்னோக்கிப் போக, கடல் ஒரு பெண்ணைக் கரையில் விட்டுச்செல்கிறது. ஒதுங்கிக் கிடக்கும் மரத்தைப் பற்றி ஏறுகிறாள். அவள் தலை ஒரு விருந்து மேசையின் விளிம்பில் முளைக்கிறது. பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் விருந்தினர்களிடையே மேசைமீது தவழ்ந்து போகிறாள். ஒருவரும் அவளைப் பார்ப்பதில்லை. பிறகு ஒரு பாதையில் ஓர் ஆணுடன் பேசியபடி நடக்கிறாள். கேமரா அவளைக் காட்டிவிட்டு அவனிடம் திரும்பும்போதெல்லாம் அவன் வேறு ஆளாக இருக்கிறான். அவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் ஜான் கேஜ். உரையாடல் மட்டும் அறுபடாமல் போகிறது. அவளும் திடுக்கிடுவதில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1997இல், டேனியல் லெவினும் டேனியல் சைமன்ஸும் ஏறத்தாழ இதே காட்சியைச் சோதனையாக்கினார்கள். அவர்களது குறும்படத்தில் ஒருவர் எழுந்து தொலைபேசியை எடுக்கப் போகிறார், வெட்டு, எடுப்பவர் வேறொரு நடிகர். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. மறு ஆண்டு அதையே தெருவில் செய்தார்கள். வழி கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் நடுவே இருவர் ஒரு கதவைத் தூக்கிச் செல்ல, அந்த மறைவில் வழி கேட்டவர் மாறிவிட்டார். பதில் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் விட்ட இடத்திலிருந்து வழி சொல்லிக்கொண்டே போனார்கள். ‘வழி கேட்பவர்’ என்ற இருக்கை காலியாகாதவரை அதில் உட்கார்ந்திருப்பவரின் முகம் முக்கியமாகப் படவில்லை.

இந்தப் பிரிவு நலமானவர்களிடம் ஒரு கவனக்குறைவு. நோயில் அது துயரம். 1923இல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் கப்க்ரா, தன் கணவரையும் சுற்றியிருப்பவர்களையும் போலிகள் வந்து மாற்றிவிட்டதாகச் சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். முகம் அதேதான், ஆள் அவரில்லை என்பது அவள் முறையீடு. ஹேடன் எல்லிஸும் ஆண்ட்ரூ யங்கும் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்கள்: முகத்தை அடையாளம் காணும் பாதை கெடவில்லை, அந்த முகத்தோடு எழ வேண்டிய நெருக்க உணர்வின் பாதைதான் கெட்டிருக்கிறது. 1997இல் சோதித்தபோது அது பொருந்தி வந்தது. தெரிந்த முகத்தைப் பார்த்தால் நமக்குத் தோலின் மின்கடத்தல் கூடும். கப்க்ரா நோயாளிகளிடம் தெரிந்த முகத்துக்கும் தெரியாத முகத்துக்கும் அந்த வேறுபாடு எழவில்லை. இதற்கு நேர் எதிரான கோளாறை 1927இல் கூர்போனும் ஃபேயும் விவரித்தார்கள். ஒரு பெண், சாரா பெர்னார்ட் உள்ளிட்ட நடிகைகள் வெவ்வேறு மனிதர்களின் வேடத்தில் தன்னைத் துரத்துவதாக நம்பினாள். நொடியில் வேடம் மாற்றுவதில் புகழ்பெற்ற இத்தாலிய நடிகர் ஃப்ரெகோலியின் பெயரே அந்த நோய்க்குச் சூட்டப்பட்டது. முகம் வேறு, ஆள் ஒன்று. ‘அட் லேண்ட்’ பாதையில் நடப்பது ஃப்ரெகோலியின் உலகம்தான், அச்சத்தை மட்டும் கழித்துவிட்ட ஃப்ரெகோலி உலகம். டெரன் இந்த மருத்துவ அறிக்கைகளைப் படித்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. படித்திருக்கவும் தேவையில்லை. ஆள் என்ற உணர்வும் முகம் என்ற தகவலும் ஒட்டியிருக்கும் இடத்தில் கத்தரிக்கோலை வைத்தால் யாருக்கும் இதே வடிவம்தான் கிடைக்கும்.

மீண்டும் 1943இன் படத்துக்கு வருவோம். அந்த வீட்டுக்குள் நுழையும் பெண் மேசைமீது ரொட்டியில் செருகிய கத்தியைப் பார்க்கிறாள். எடுத்துக் கீழே வைத்த தொலைபேசியைப் பார்க்கிறாள். மாடியில் இசைத்தட்டு தானே சுழன்றுகொண்டிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து கண்மூடுகிறாள். பிறகு சன்னலோரம் நின்று வெளியே பார்த்தால், முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த கறுப்பு அங்கி உருவத்தைத் துரத்தி ஓடுவது அவளேதான். சுற்றுக்கொரு தடவை இன்னொரு அவள் வீட்டுக்குள் வருகிறாள். கடைசியில் மூன்று பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் ஒரே சமயத்தில் மூன்று பதில்கள். அன்றாடத்தில் இது கேள்வியாகவே எழாது. என் உடல் இருக்கும் இடத்தில் நான் இருக்கிறேன், அதில் என்ன ஐயம்? ஆனால் அந்த உறுதியும் மூளை தயாரிக்கும் சரக்குதான். ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு 2002இல் ஒரு வலிப்பு நோயாளியின் மூளையில் வலப்பக்கக் கோண மடிப்பை மின்சாரத்தால் தூண்டியபோது, படுக்கையில் கிடக்கும் தன்னை மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். 2006இல் ஷஹர் அர்ஸியும் பிளாங்கேயும் வேறொரு நோயாளியிடம் இடப்பக்கத்தில் பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடத்தைத் தூண்டினார்கள். பின்னால் நிழல்போல ஒருவர் இருப்பதாக அவர் உணர்ந்தார். அவர் படுத்திருந்தபோது நிழலும் படுத்திருந்தது. முழங்காலைக் கட்டி உட்கார்ந்தபோது அது அவரைக் கட்டிப்பிடித்தது. அட்டையைப் பார்த்து வாசிக்கச் சொன்னபோது அட்டையைப் பறிக்க வந்தது. மின்சாரத்தை நிறுத்தியதும் போய்விட்டது. பார்வையும் பேச்சும் நினைவும் சரியாக இருந்த ஒருவருக்கு, தன் உடலின் இருப்பு மட்டும் இரண்டாகப் பிரிந்து அந்நியமாயிற்று.

பொருள்களின் கதை இதைவிட நுட்பமானது. சாவி வாயிலிருந்து வருகிறது, சாவி கத்தியாகிறது, பூவும் கத்தியாகிறது. இவற்றைக் குறியீடுகளாக மொழிபெயர்க்கும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. சாவி என்றால் இது, கத்தி என்றால் அது என்று. டெரன் அந்த வகை வாசிப்பை வெளிப்படையாக வெறுத்தார், ஃப்ராய்டிய அகராதியைத் தன் படத்தின்மீது வைக்காதீர்கள் என்றார். அவர் பக்கம்தான் நியாயம் என்பேன். படத்தில் கலவரப்படுத்துவது சாவியின் பொருள் அல்ல. சாவிக்குக் கிடைக்கும் கனம். சாவி படிக்கட்டில் துள்ளித் துள்ளி விழும் சாதாரணச் செயலை கேமரா தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பார்க்கிறது. மனச்சிதைவு நோய் தொடங்கும் கட்டத்தை ஜெர்மானிய மருத்துவர் கிளாஸ் கோன்ராட் 1958இல் விவரித்தது நினைவுக்கு வருகிறது. மாயக்குரலும் பொய் நம்பிக்கையும் வருவதற்கு முன்பே உலகம் மாறிவிடுகிறது. அற்பப் பொருள்கள் தன்னிடம் எதையோ சொல்வதுபோல நிற்கின்றன. என்ன சொல்கின்றன என்பது தெரியாமலே அவற்றின் முக்கியம் அழுத்துகிறது. ஷிதிஜ் கபூர் 2003இல் இதற்கு ஓர் உடலியல் அடித்தளம் தந்தார். எது கவனிக்கத் தக்கது என்று பொருள்களுக்கு எடை போடுவதில் டோபமைனுக்குப் பங்குண்டு. அது தாறுமாறாகச் சுரக்கும்போது எடையும் தாறுமாறாக விழுகிறது. காரணமில்லாமல் வந்து விழுந்த அந்த எடைக்குக் காரணம் கற்பிக்கும் முயற்சிதான் பொய் நம்பிக்கை என்பது அவர் கருத்து. டெரனின் படம் அந்தக் கற்பித்தலுக்கு ஒரு படி முன்னால் நின்றுவிடுகிறது. எடையைத் தருகிறது, கதையைத் தர மறுக்கிறது. மீதியைக் கற்பிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது, விமர்சகர்களும் தப்பவில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது: மனத்தில் எழுவது வெளியிலிருந்து வந்ததா, உள்ளிருந்து வந்ததா என்று முத்திரை குத்துவது. 1910இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செவ்ஸ் பெர்க்கி தன் சோதனையில் பங்கேற்றவர்களிடம், எதிரே உள்ள திரையில் ஒரு வாழைப்பழத்தைக் கற்பனை செய்யுங்கள் என்றார். அவர்கள் முயலும்போதே திரையின் பின்னாலிருந்து வாழைப்பழத்தின் மங்கலான உருவத்தை மெல்லப் படரவிட்டார். கண்முன் இருந்த உருவத்தைத் தங்கள் கற்பனை என்றே அவர்கள் விவரித்தார்கள். படுக்கையாக நினைத்த பழம் ஏன் செங்குத்தாக நிற்கிறது என்று வியந்தவரும் உண்டு. பெர்க்கி காட்டியது நிஜத்தைக் கற்பனையாக எண்ணும் பிழை. மாயக்குரல் அதன் மறுதலை. 2015இல் கேம்பிரிட்ஜின் ஜேன் காரிசன் குழு, மூளையின் முன்பகுதியில் நடுக்கோட்டை ஒட்டியுள்ள ஒரு பள்ளத்தை அளந்தது. மனச்சிதைவு உள்ளவர்களில் மாய அனுபவம் உடையோருக்கு அந்தப் பள்ளம் குட்டையாக இருந்தது. ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் மாய அனுபவத்துக்கான வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடியது. டெரனின் படம் இந்த முத்திரையோடு விளையாடுவது முடிவில். கத்தி பாயும் கணத்தில் கண் விழிக்கிறாள், எதிரே கணவன், எல்லாம் கனவு என்று மூச்சு விடுகிறோம். உடனே பூ கத்தியாகிறது. அதை அவன் முகத்தின்மேல் எறிந்தால் முகம் கண்ணாடியாக உடைகிறது. உடைந்த இடத்தில் கடல் தெரிகிறது. அப்புறம் வெளியிலிருந்து அவன் ஒருமுறை வீட்டுக்கு வருகிறான். நாற்காலியில் அவள் இறந்து கிடக்கிறாள். எந்த அடுக்கு வெளி, எந்த அடுக்கு உள் என்று தீர்மானிக்கும் ஆதாரத்தை டெரன் கடைசிவரை கொடுப்பதில்லை.

இது கனவுதானே, கனவில் எல்லாம் நடக்குமே என்பவர்களுக்கு என் பதில், கனவு மிக மோசமான விளக்கம் என்பது. கனவு மிகுந்த தூக்க நிலையில் மூளை முன்மடலின் பக்கப் பகுதிகள் அடங்கியிருக்கின்றன. முரண்பாட்டைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கும் திறன் படுத்துவிடுகிறது. அதனால்தான் கனவில் எதுவும் விசித்திரமாகப் படுவதில்லை. இந்தப் படங்களின் பார்வையாளரோ விழித்திருக்கிறார். அவரது கேள்வி கேட்கும் திறன் முழுவீச்சில் இருக்கும்போதே மற்ற வேலைகளில் ஒன்று கெடுக்கப்படுகிறது. கனவு காண்பவரின் நிலையைவிட, தனக்கு ஏதோ ஆகிறது என்று தெளிவாகத் தெரிந்தும் தடுக்க முடியாத நோயாளியின் நிலைக்கு இது நெருக்கமானது. கோளாறான மனத்தைக் காட்டப் பெரும்பாலான இயக்குநர்கள் படத்தையே கலைத்துவிடுவார்கள். 1920இன் ‘டாக்டர் கலிகாரி’யில் சுவரும் சன்னலும் கோணலாகின. ஹிட்ச்காக் 1945இல் ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்துக்கு ஓவியர் சால்வடோர் டாலியை அழைத்துத் திரைச்சீலை முழுக்கக் கண்களை வரையவைத்தார். கண்ணுக்கு விருந்து, ஆனால் மருத்துவர்கள் அவிழ்ப்பதற்காகவே போட்ட விடுகதை. டெரனின் படச் சட்டங்கள் பெரும்பாலும் நேரானவை. கலிபோர்னியப் பகல் வெயில், கூர்மையான நிழல், தெளிவான ஃபோகஸ்.

இந்தப் படங்கள் சோதனைகளே அல்ல, ஒப்பீட்டுக் குழு இல்லை, அளவீடு இல்லை, கலையை அறிவியலாக்கி மகிழ்கிறீர்கள் என்று உளவியலாளர் ஒருவர் முகம் சுளிக்கலாம். அளவீடு இல்லை என்பதில் மறுப்பே இல்லை. எத்தனை பேர், எவ்வளவு என்ற கேள்விக்கு லெவினிடமும் ஸ்மித்திடமும்தான் போக வேண்டும். ஆனால் ஒரு கோட்பாடு எதை அனுமதிக்கிறது, எதை மறுக்கிறது என்பதைக் காட்ட ஒரே ஒரு தெளிவான எடுத்துக்காட்டும் போதும். கண்மாயத் தோற்றங்களை வைத்து உளவியல் நூறாண்டுக்கு மேலாக அதைத்தான் செய்துவருகிறது. இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. இன்று செல்வாக்குள்ள கோட்பாட்டின்படி மூளை எப்போதும் முன்கூட்டியே ஊகித்து, வரும் தகவலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது; ஊகத்துக்கும் தகவலுக்கும் தரும் எடை குலைவதே மனநோய். அப்படியானால் கோளாறு ஒன்றுதானே, தனித்தனி வேலைகள் என்று ஏன் பிரிக்க வேண்டும்? ஆதாரங்கள் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாய்வதில்லை. உட்குழிந்த முகமூடியைப் பார்த்தால் நமக்கு முகம் புடைத்துத் தெரியும், ஊகம் கண்ணை வென்றுவிடும். 2009இல் டனாய் டிமா குழு சோதித்த மனச்சிதைவு நோயாளிகள் அதைக் குழிந்தே பார்த்தார்கள். அங்கே ஊகம் பலவீனம். 2017இல் யேல் பல்கலைக்கழகத்தின் பவர்ஸும் கார்லெட்டும், ஒரு காட்சியோடு சேர்த்து மெல்லிய ஒலியைக் கேட்கப் பழக்கிவிட்டு ஒலியை நிறுத்தினார்கள். மாயக்குரல் கேட்பவர்களுக்கு இல்லாத ஒலி அதிகமாகக் கேட்டது. இங்கே ஊகம் மிகை. ஒரே நோயில் ஓரிடத்தில் குறைவு, ஓரிடத்தில் மிகை என்றால், பொதுக் கோட்பாடு சரியாகவே இருந்தாலும் கோளாறு எந்த அடுக்கில், எந்த வேலையில் என்று கேட்காமல் நகர முடியாது.

யேல் ஆய்வில் ஒரு குழுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நாள்தோறும் குரல் கேட்டும் நோய் என்று எதுவும் இல்லாதவர்கள், அருள்வாக்குச் சொல்வோராகத் தங்களைக் கருதுபவர்கள், அதில் இருந்தார்கள். இல்லாத ஒலி அவர்களுக்கும் நோயாளிகள் போலவே கேட்டது. அப்படியானால் பிரிந்துபோவது வேறு, துன்புறுவது வேறு. டெரன் இந்த வேறுபாட்டுக்குத் தன் வழியில் வந்து சேர்ந்தார். 1946இல் கிடைத்த குகன்ஹைம் நல்கையோடு மறு ஆண்டு ஹெய்ட்டிக்குப் போனவர், அங்கே வூடூ வழிபாட்டில் தெய்வம் ஒருவர்மேல் இறங்குவதைப் படம் பிடிக்க ஆரம்பித்து, படத்தை முடிக்காமலே விட்டுவிட்டு 1953இல் ஒரு புத்தகம் எழுதினார். தன்மேலும் அப்படி இறங்கியதை அதன் இறுதியில் பதிவு செய்திருக்கிறார். ‘நான்’ விலகி இன்னொன்று அமரும் நிலையை அந்தச் சமூகம் வரவேற்றது, எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்று முறையும் வைத்திருந்தது. நோயாளிகளிடையேகூட இந்த வேறுபாடு ஊருக்கு ஊர் மாறுகிறது. தான்யா லூர்மனும் சென்னையின் பத்மாவதி உள்ளிட்ட மருத்துவர்களும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய ஊர்களில் குரல் கேட்கும் நோயாளிகள் இருபது இருபது பேரிடம் பேசியது. கலிபோர்னியாவில் பலருக்குக் குரல்கள் முகமற்ற வன்முறையாக இருந்தன. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அவை உறவினர்களின் குரல்கள்; திட்டவும் செய்தன, வீட்டு வேலையை ஒழுங்காகப் பார் என்று புத்தியும் சொன்னன.

கோளாறு ஒரு வேலையில்தான் என்றால், சிகிச்சையும் அந்த வேலையைக் குறிவைக்கலாம் என்பது இதன் நடைமுறை விளைவு. ஜூலியன் லெஃப் வகுத்த ‘அவதார்’ சிகிச்சை அப்படிப்பட்டது. நோயாளி தன்னை வதைக்கும் குரலுக்குக் கணினியில் ஒரு முகம் அமைக்கிறார். சிகிச்சையாளர் அந்த முகத்தின் வழியே பேசுகிறார். குரல் பொய் என்று நிரூபிக்க அங்கே யாரும் முயல்வதில்லை. அதற்குப் பதில் சொல்லவும் மறுத்துப் பேசவும் நோயாளி பழகுகிறார். யார் ஆளுகை யார்மேல் என்ற ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார்கள். 2018இல் வெளியான லண்டன் சோதனையில் 150 பேர் பங்கேற்றார்கள். 12 வாரங்களில் அவதார் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குரல்களின் கடுமை, ஆறுதல் ஆலோசனை பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. 24 வாரங்களில் இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. முதல் குழு பெற்றதை இழந்துவிடவில்லை, ஆலோசனை பெற்றவர்களும் அதற்குள் முன்னேறியிருந்தார்கள்.